தலையில் கட்டிய தாலி

தமிழில் முக்காடு என்ற சொல்லுக்கும் கல்யாணத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வியாபாரத்தில் நட்டப்பட்டவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போகிறான். கடன் கொடுத்தவரைத் தெருமுனையில் கண்டவன் முக்காடு போட்டுக்கொண்டு சந்துக்குள் திரும்புகிறான். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று பழமொழி கேட்கிறது. பெண் விஷயத்தில் இன்னும் கடுமை. சில சாதிகளில், இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்புவரை, தலையை மூடிய புடவைத் தலைப்பு என்றால் உள்ளே மழித்த தலை இருக்கிறது, அவள் கணவனை இழந்தவள் என்று பொருள். கல்யாணம் ஆனவள் என்று சொல்ல நமக்குக் கழுத்தும் கால்விரலும் போதும். தலையை மூடுவதற்குப் பதில் பூ வைத்துக் காட்டுகிறோம்.

உலகின் பல பகுதிகளில் கதை நேர்தலைகீழ். அங்கே தாலியின் வேலையைத் துணி செய்தது. கன்னிப்பெண்ணின் தலை திறந்திருக்கும். மணமானவளின் தலை மூடியிருக்கும். ஏன் என்று கேட்டால் அடக்கம், நாணம், கற்பு என்று மூன்றே சொல்லில் பதில் வந்துவிடும். சோம்பேறித்தனமான பதில். பழைய சட்டங்களையும் அந்தத் துணிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தலைத்துணி ஓர் அடையாளச் சீட்டு மாதிரி இயங்கியது தெரியும். யார் போடலாம், யார் போடக் கூடாது, யார் போட்டுவிட வேண்டும், யார் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. இன்னொன்றும் தெரியும். முக்காட்டைக் கைம்மைக்கு ஒதுக்கிவிட்ட நம் பக்கத்திலிருந்து போன இரண்டு சரக்குகள், ஒன்று துணி, மற்றது தலைமுடி, கடல் கடந்த ஊர்களில் மணமான பெண்களின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

ஆசூர் பலகை

இராக்கின் வடக்கே, டைகிரிஸ் ஆற்றங்கரையில் ஆசூர் நகரம். 1903 முதல் 1914 வரை ஜெர்மானியர் அங்கே தோண்டியபோது கிடைத்த களிமண் பலகைகளில் ஒரு சட்டத்தொகுப்பும் இருந்தது. கையில் இருக்கும் பிரதி கி.மு. 11ஆம் நூற்றாண்டை ஒட்டியது. விதிகள் அதற்கும் முந்தியவை. பெண்களைப் பற்றிய பலகையில் 40, 41 என்று இப்போது எண்ணிட்டு வாசிக்கும் இரண்டு பிரிவுகள்தான், தலை மூடுவது பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டம்.

40ஆம் பிரிவு, மனைவியரும் கைம்பெண்களும் தெருவுக்கு வரும்போது தலை திறந்திருக்கக் கூடாது என்று ஆரம்பிக்கிறது. எசமானியோடு தெருவில் போகும் வைப்பாட்டியும் மூடிக்கொள்ள வேண்டும். கோயிலோடு தொடர்புடைய பெண் கல்யாணம் ஆனவளாக இருந்தால் மூட வேண்டும். ஆகாதவள் திறந்த தலையோடுதான் போக வேண்டும். இதுவரை நாம் எதிர்பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது. அதன் பிறகுதான் சட்டத்தின் முழு எடையும் இறங்குகிறது. பரத்தை தலையை மூடக் கூடாது. மூடியிருப்பதைப் பார்த்தவன் அவளைப் பிடித்து, சாட்சி சேர்த்து, அரண்மனை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அவள் நகையைத் தொடக் கூடாது. உடையைப் பிடித்தவனே எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு 50 தடியடி, தலையில் கீல் ஊற்றல். அடிமைப்பெண் மூடியிருந்தால் காதை அறுப்பார்கள்.

கவனிக்க வேண்டியது அடுத்த வரி. பார்த்தும் பிடிக்காமல் விட்ட ஆணுக்கும் 50 அடி உண்டு. காட்டிக்கொடுத்தவன் அவன் உடையை எடுத்துக்கொள்வான். காதில் துளையிட்டு, கயிறு கோத்து, பின்னால் கட்டி, ஒரு முழு மாதம் அரசனுக்கு வேலை வாங்குவார்கள். தெருவில் நடக்கும் ஒவ்வொருவனையும் பரிசோதகன் ஆக்கிவிட்டது சட்டம். திறந்த தலையோடு வந்த மனைவிக்கு இந்தப் பிரிவில் தண்டனை எதுவும் எழுதவில்லை. தகுதியில்லாமல் மூடியவளுக்குத்தான் அத்தனையும். அடக்கத்தைக் காப்பது நோக்கமாக இருந்திருந்தால் கணக்கு மாறி வந்திருக்கும். இது கள்ள முத்திரை குத்தியவனைத் தண்டிக்கிற மாதிரி.

41ஆம் பிரிவு அந்த முத்திரை எப்படி விழும் என்று சொல்கிறது. வைப்பாட்டியை மனைவியாக்க விரும்புகிறவன் தன் கூட்டாளிகளில் ஐந்து அல்லது ஆறு பேரை உட்கார வைக்க வேண்டும். அவர்கள் முன்னால் அவள் தலையை மூட வேண்டும். “இவள் என் மனைவி” என்று வாயால் சொல்ல வேண்டும். முடிந்தது. ஐயரும் வேண்டாம், மேளமும் வேண்டாம். துணி போடவில்லை, அல்லது போட்டும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்றால் அவள் வைப்பாட்டியாகவே இருப்பாள். பின்னால் சொத்துப் பிரிவினையில் இது கைகொடுக்கும். மூடப்பட்ட மனைவிக்கு ஆண் பிள்ளை இருந்தால் சொத்து அவர்களுக்கு; இல்லாவிட்டால்தான் வைப்பாட்டியின் பிள்ளைகளுக்குப் பங்கு. நம் ஊர் வழக்குகளில் “தாலி கட்டினாரா, யார் யார் பார்த்தார்கள்” என்று குறுக்கு விசாரணை நடக்குமே, அதே கேள்விக்கு மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய விடை இது.

குல்லாய்க்குள் போனவள்

இதற்குப் பிறகு ஐரோப்பாவை வேகமாகக் கடந்துவிடலாம். அங்கே சட்டத்தை விடச் சடங்கும் பேச்சுவழக்கும்தான் பேசுகின்றன. ரோமில் மணப்பெண்ணின் கூந்தலை ஈட்டி முனையால் வகிடெடுத்து ஆறு சடையாகப் பிரித்து, மேலே நெருப்பு நிறத்தில் ஒரு முக்காடு போட்டார்கள். பெண் கல்யாணம் செய்துகொள்வதைக் குறிக்கும் லத்தீன் சொல்லையே முகில், மூடுவது என்ற சொற்களோடு சேர்த்து விளக்கியவர்கள் ரோமானியர். சுல்பிசியுஸ் கால்லுஸ் என்ற பிரபு, மனைவி திறந்த தலையோடு வெளியே போனாள் என்பதற்காகவே விவாகரத்து செய்தது அவர்களே வியந்து எழுதி வைத்த சங்கதி.

ஜெர்மன் மொழியில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதை “குல்லாய்க்குள் போய்விட்டாள்” என்று இன்றும் சொல்வார்கள். குல்லாய் போட்ட தலைமுறை போய்விட்டது, சொல் நிற்கிறது. போலந்தில் கல்யாண இரவின் நடுச்சாமத்தில் பெண்ணின் தலையிலிருந்து பூவளையத்தை எடுத்து, சடையை அவிழ்த்துக் குல்லாய் மாட்டுவது தனிச்சடங்கு. மாட்டுகிறவர்கள் ஏற்கெனவே கல்யாணம் ஆன பெண்கள். நம் ஊரில் சுமங்கலிகளைக் கூப்பிட்டு நலங்கு வைக்கிற மாதிரி. ரஷ்யக் கிராமங்களில் கன்னிப்பெண்ணுக்கு ஒற்றைச் சடை. கல்யாணத்தன்று அதைப் பிரித்து இரண்டாகப் பின்னித் தலையைச் சுற்றி வைத்துத் துணித்தொப்பிக்குள் ஒளித்துவிடுவார்கள். சொதப்பிவிட்டான், அசடு வழிந்தான் என்பதற்கு ரஷ்ய மொழியில் இருக்கும் ஒரு வினைச்சொல்லின் நேர்ப்பொருள் “தலைமுடி தெரிய நின்றான்”. நமக்கு முக்காடு போட்டால் அவமானம். அவர்களுக்கு எடுத்தால் அவமானம்.

தென்மேற்கு ஜெர்மனியின் கறுப்புக் காட்டுப் பகுதியில் குடாக், கிர்ன்பாக், ரைஷன்பாக் என்று மூன்றே ஊர்களுக்குச் சொந்தமான ஒரு தொப்பி மட்டும் சற்று நின்று பார்க்கத் தகுந்தது. வைக்கோல் தொப்பியில் வெள்ளைப் பூச்சு. அதன்மேல் கம்பளி நூலில் செய்த 14 உருண்டைகள். மேலே மேலே அடுக்குவதால் கண்ணுக்குத் தெரிவது 11. எடை 2 கிலோ வரை போகும். கல்யாணம் ஆகாதவளுக்கு உருண்டை சிவப்பு, ஆனவளுக்குக் கறுப்பு. அஞ்சலட்டைகளில் எப்போதும் சிவப்புத்தான் வரும். கறுப்பு உருண்டை போட்ட வீட்டுக்காரம்மாவைப் படம் எடுத்து விற்க யாருக்கும் தோன்றுவதில்லை போலும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நுணுக்கமான முறை இருக்கிறது. ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் கூங்கட் என்னும் முகமறைப்பு, கல்யாணம் ஆனதற்கு மட்டுமல்ல, எந்த ஊருக்கு மருமகள் என்பதற்கும் அடையாளம். பிறந்த ஊர்த் தெருவில் அதே பெண் திறந்த முகத்தோடு நடப்பாள். புகுந்த ஊரில் மாமனார் முன்னும் கணவனின் அண்ணன் முன்னும் முந்தானை மூக்குக்குக் கீழே இறங்கும். கணவனின் தம்பி வந்தால் ஏறிவிடும். முந்தானை எத்தனை அங்குலம் இறங்குகிறது என்பதை வைத்தே எதிரில் நிற்பவர் என்ன உறவு என்று சொல்லிவிடலாம்.

இருநூறு வெள்ளிக்காசும் ஒரு டோப்பாவும்

யூதர்களிடம் இந்த விஷயம் பணத்தோடு பிணைந்தே ஆரம்பிக்கிறது. கல்யாண ஒப்பந்தப் பத்திரத்துக்குக் கெத்துபா என்று பெயர். கணவன் இறந்தாலோ விலக்கினாலோ கன்னியாக மணமானவளுக்கு 200 வெள்ளிக்காசு, கைம்பெண்ணாக இருந்து மறுமணம் ஆனவளுக்கு 100. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூலில் ஒரு வழக்கு வருகிறது. பத்திரம் கையில் இல்லை. அவள் 200 கேட்கிறாள், அவன் 100தான் என்கிறான். கல்யாண ஊர்வலத்தில் கூந்தலை விரித்துவிட்டு வந்தாள் என்று சாட்சி சொன்னால், அது கன்னிப்பெண்ணின் கோலம் என்பதால், 200 அவளுக்கு. அதே நூலில் சில அத்தியாயம் தள்ளி, மணமானவள் தலை திறந்து வெளியே போனால் ஒரு காசும் கொடுக்காமல் விலக்கலாம் என்று இருக்கிறது. ஒரு நாள் முன்பு பணத்தைச் சம்பாதித்துக் கொடுத்த அதே திறந்த கூந்தல், மறுநாள் முதல் பணத்தைப் பறிக்கும்.

மூட வேண்டும் என்பது விதி. எதனால் மூடுவது என்பது சச்சரவு. துணி, தொப்பி, வலைப்பை எல்லாம் உண்டு. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஜோஷுவா போவாஸ் என்ற அறிஞர், மறைக்க வேண்டியது அவளுடைய சொந்த முடியைத்தான், மேலே வேறொருத்தி முடி இருந்தால் குற்றமில்லை என்று வாதிட்டார். அந்த வாசல் வழியாகத்தான் ஷெய்ட்டல் என்னும் டோப்பா உள்ளே வந்தது. நியூயார்க்கின் ரபி (யூத மதகுரு) மோஷே ஃபைன்ஸ்டைன் முன்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குச் சொந்த முடி தெரியலாம் என்றார். லுபாவிச் என்னும் யூதப் பிரிவின் ரபி மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சன், துணியை விட டோப்பாவே மேல் என்றார். வெட்கப்படுகிற இடத்தில் துணியைச் சட்டென்று பின்னால் தள்ளிவிடலாம், டோப்பாவை முடியாது என்பது அவர் காரணம். ஜெருசலேமின் ரபி ஓவாடியா யோசெஃப் டோப்பாவே கூடாது என்றார். ஹங்கேரி வழிவந்த சில குழுக்களில் கல்யாணத்துக்கு மறுநாளே பெண்ணின் தலையை மழித்துவிடுகிறார்கள். மழித்த தலையும் முக்காடும் ஒரே சேர்க்கைதான். நம் பக்கத்தில் அது கைம்பெண், அங்கே புதுப்பெண்.

நல்ல ஷெய்ட்டல் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். அளவு மூன்று: தலையின் சுற்றளவு, நெற்றிக்கோட்டிலிருந்து பிடரி வரை, ஒரு காதிலிருந்து உச்சி வழியே மறு காது வரை. சராசரிப் பெண்ணுக்குச் சுற்றளவு 22 அங்குலத்தை ஒட்டி வரும். உள்ளே இழுபடும் வலைத்தொப்பி. பக்கங்களிலும் பின்னாலும் முடியை நூலில் மடித்துத் தைத்த பட்டிகள், நம் சவுரியைப் போலவேதான், வரிசை வரிசையாக ஏறும். உச்சியில் மட்டும் மெல்லிய வலை அல்லது பட்டுத்துணி. அதில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போடுவார்கள். வகிடு நிஜமாகத் தெரிவது இதனால்தான். கெடுவதும் முதலில் இதுதான். முடிச்சுகள் கருப்புப் புள்ளியாகத் தெரியாமலிருக்க வெளுப்பு மருந்து தடவுவார்கள். கொஞ்சம் கூடிவிட்டால் முடிச்சு பலமிழந்து வகிட்டோரம் சொட்டையாகும். உள்ளே நெற்றியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, பிடரியில் ஒன்று எனச் சிறு சீப்புகள் தைத்திருக்கும். தினமும் அதே இடத்தில் அதே சீப்பு பிடித்து இழுத்தால் அந்த இடத்துச் சொந்த முடி உதிரும். அதனால் சீப்பைப் பிரித்துவிட்டு, கீழே ஒரு வெல்வெட் பட்டை கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. நீளம் தோளைத் தாண்டினால் சட்டைக் கழுத்தில் உரசி உரசிப் பிடரிப் பகுதி முதலில் சிக்காகும்.

சிக்கு என்றதும் முடி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஒவ்வொரு முடியின்மேலும் ஓட்டுக்கூரை மாதிரிச் செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கியிருக்கும். எல்லா முடியும் ஒரே திசையில் இருந்தால் வழுக்கிக்கொண்டு விழும். பாதி தலைகீழாகக் கலந்துவிட்டால் செதிலும் செதிலும் கொக்கி போட்டுக்கொள்ளும். தெருவில் பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்கிற சீப்பு முடி இந்த இரண்டாம் வகை. அதை அமிலத்தில் ஊறவைத்துச் செதிலைக் கரைத்து, சிலிக்கோன் பூசி மினுக்கி விற்பார்கள். சில முறை அலசினால் பூச்சு போய்ச் சடை பிடிக்கும். கோயிலில் மழித்த முடியைப் பின்னலாகவோ கட்டாகவோ எடுத்தால் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் மாறாமல் இருக்கும். உலகச் சந்தையில் திருமலை முடிக்கு இருக்கிற மரியாதை இதனால்தான். தேவஸ்தானம் அதை நீளம் பார்த்துப் பிரித்து ஏலம் விடுகிறது. 2010களின் ஏலங்களில் 31 அங்குலமும் அதற்கு மேலும் முதல் ரகம், 16 முதல் 30 வரை இரண்டாவது, 10 முதல் 15 வரை மூன்றாவது, 5 முதல் 9 வரை நான்காவது, அதற்குக் கீழே ஐந்தாவது, நரைமுடி தனி.

2004 மே மாதம் இந்த முடிதான் சிக்கிக்கொண்டது. யூத மதத்தில் பிற தெய்வத்துக்குப் படைத்த பொருளை உபயோகிப்பதும் அதிலிருந்து ஆதாயம் அடைவதும் விலக்கு. திருமலையில் மழிக்கும் முடி அப்படிப் படைத்த பொருளா? முன்பு கிடைத்த தகவலை வைத்து இதே கேள்விக்கு இளக்கமாகப் பதில் சொல்லியிருந்த ஜெருசலேமின் ரபி யோசெஃப் ஷாலோம் எலியாஷிவ், இம்முறை லண்டனிலிருந்து ரபி அஹரோன் டேவிட் டன்னர் என்பவரைத் திருமலைக்கே அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். அவர் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டதும் கூடாது என்று தீர்ப்பு வந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பெண்கள் டோப்பாக்களைத் தெருவில் கொண்டுவந்து தீயிட்டார்கள். விலக்கு என்றால் யாருக்கும் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது, எரிப்பதுதான் வழி. ஒவ்வொன்றும் பல நூறு டாலர், சில ஆயிரத்தைத் தாண்டும்.

வாதத்தின் முடிச்சு நமக்கு நன்றாகப் புரியும். அந்த முடி கருவறைக்குப் போவதில்லை, சாமி முன்னால் வைப்பதுமில்லை. தலைப்பாரத்தை இறக்குகிறார்கள், அவ்வளவுதான் என்றது ஒரு கட்சி. நாவிதரிடம் கேட்டால் அவரும் அநேகமாக இதைத்தான் சொல்வார். வெட்டும் செயலே வழிபாடு, பலியிடுவதற்குச் சமம் என்றது மறு கட்சி. மொட்டை போடுகிறவரிடம் கேட்டால் ஒரே சொல்லில் வழக்கை முடித்திருப்பார்: முடி காணிக்கை. தமிழில் அதற்குப் பெயரே அதுதான். கத்தி பிடித்தவர் சொல்வதா, தலை கொடுத்தவர் சொல்வதா, எது கணக்கு என்பதுதான் அங்கே முழு விவாதமும். அதற்குப் பிறகு முடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று மதச் சான்று பார்த்து வாங்கும் பழக்கம் பரவியது. செதில் கரைத்துச் சாயம் ஏற்றிய முடியை வெறும் கண்ணால் பார்த்து ஊர் சொல்ல முடியாது என்பதால் சான்றிதழை நம்புவதைத் தவிர வழியில்லை.

டோப்பாவில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேலைப்பாடு சிறக்கச் சிறக்க அது சொந்த முடி மாதிரியே ஆகிறது. ஆகிவிட்டால் கல்யாணம் ஆனவள் என்பதை யாருக்குச் சொல்லும்? உள்ளூர்க் கண்கள் நெற்றிக்கோட்டையும் வகிட்டையும் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். அதுவும் போதாது என்று நினைக்கிற குழுக்களில் டோப்பாவுக்கு மேலே ஒரு தொப்பியோ துணிப்பட்டையோ போட்டுக்கொள்கிறார்கள். மூடியதை மூடிக் காட்டினால்தான் மூடியது தெரிகிறது.

மதராஸ் என்பது ஊரல்ல

கரீபியக் கடலில் மார்ட்டினிக், குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுகளில் போய் மதராஸ் என்றால் துணியைக் காட்டுவார்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் எனக் கட்டம் போட்ட பருத்தித் துணி. சோழமண்டலக் கரையில் நெய்து, கைக்குட்டை என்ற பெயரில் கப்பலேறிய ரூமால்தான் அது. பழவேற்காட்டின் பெயரும் இந்த வியாபாரத்தில் கட்டத்துணியின் பெயராகவே ஒட்டிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதே பெயரில் போலித்துணி நெய்து விற்றார்கள்.

அந்தத் தீவுகளில் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கப் பெண்களும், விடுதலை பெற்ற கலப்பினப் பெண்களும் முதலில் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் கட்டத்துணி வந்து அந்த இடத்தைப் பிடித்தது. வட அமெரிக்கக் கரையிலிருந்த லூயிசியானாவில் ஸ்பானிய ஆளுநர் எஸ்தெபான் மிரோ 1786இல் கலப்பினப் பெண்கள் தலைத்துணி கட்டியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார். அங்கே அது காட்டியது கல்யாணத்தை அல்ல, பிறப்பை. ஆசூர் சட்டத்தை உள்வெளியாகத் திருப்பிப் போட்ட மாதிரி: அங்கே தாழ்த்தப்பட்டவள் மூடக் கூடாது, இங்கே தாழ்த்தப்பட்டவள் மூடியே தீர வேண்டும். விலையுயர்ந்த துணியை வாங்கி உயரமாகக் கட்டி, உத்தரவையே அலங்காரமாக்கிவிட்டார்கள் அந்தப் பெண்கள்.

கட்டும் வேலைக்கு மதராஸ் ஏன் பொருந்தியது என்பதைத் துணியைக் கையில் எடுத்தால்தான் உணர முடியும். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்ததால் இதற்கு உட்புறம், வெளிப்புறம் கிடையாது. தலைக்கட்டில் மடிப்பு திரும்புகிற இடமெல்லாம் மறுபக்கம் தெரியும். இன்று மலிவாக வரும் அச்சடித்த கட்டத்துணியில் கட்டினால் முனைகளில் வெளுத்த பின்பக்கம் பல்லிளிக்கும். பாலியெஸ்டர் கலந்தால் முடிச்சு வழுக்கும்.

36 அங்குலச் சதுர ரூமாலை வைத்துக்கொள்வோம். கஞ்சி போட்டு, சற்று ஈரமாக இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். நீண்ட விளிம்பு 51 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த விளிம்பு குறுக்கு வாட்டத்தில் வருவதால் ரப்பர் மாதிரி இழுபடும். அப்படியே கட்டினால் ஒரு மணி நேரத்தில் தளர்ந்து காதுக்குக் கீழே இறங்கிவிடும். அதனால் விளிம்பை ஒன்றரை அங்குல அகலத்தில் இரண்டு மடிப்பு மடித்துப் பட்டையாக்கிக்கொள்ள வேண்டும். பட்டையைப் பிடரியில், முடி முடிகிற கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்து, முக்கோணத்தின் உச்சியை நெற்றிப்பக்கம் தொங்கவிட வேண்டும். இரண்டு நுனிகளையும் காதுக்குப் பின்னால் கொண்டுவந்து நெற்றிக்கு மேலே, தொங்கும் உச்சியின்மேல், குறுக்கே இழுத்து முடிச்சிட வேண்டும். 22 அங்குலத் தலைக்குப் பக்கத்துக்கு 14 அங்குலம் போல மிச்சம் வரும். அது அவ்வளவும் நிமிர்ந்து நிற்காது. பாதியாக மடித்துச் செருகினால்தான் முனை கத்தி மாதிரி நிற்கும். ஈரத் தலையில் இறுக்கிக் கட்டக் கூடாது. காயும்போது தளர்ந்து கோணிக்கொள்ளும், தளராமலிருக்க இன்னும் இறுக்கினால் தலைவலி வரும். கட்டங்கள் நெற்றியில் வைரவடிவில் விழ வேண்டும். மடிப்பு அரை அங்குலம் பிசகினாலும் வைரம் சாய்ந்து, கட்டியவளின் அவசரத்தை ஊருக்குச் சொல்லிவிடும்.

விசேஷ நாள் கட்டுக்கு மார்ட்டினிக்கில் இன்னொரு வேலையும் இருந்தது. துணியைப் பலகையில் விறைப்பாக விரித்து, மஞ்சள் கோடுகளின்மேல் மட்டும் மெல்லிய தூரிகையால் குரோம் மஞ்சளும் வேலம் பிசினும் கலந்த வண்ணத்தைத் தீட்டுவார்கள். தாவரச் சாயங்களில் மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. இந்தப் பூச்சு பளீரென்று நிற்கும், துணியும் அட்டை மாதிரி விறைக்கும். அதைத் தொப்பி போலவே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம், தினமும் அவிழ்த்துக் கட்ட வேண்டாம். பிசின் கூடினால் மடிப்பில் வெடிக்கும். குறைந்தால் மஞ்சள் தூள் நெற்றியில் ஒட்டும். குரோம் மஞ்சள் ஈயச் சேர்மம் என்பதால் அது நல்லதும் அல்ல. துவைக்கவே முடியாது. வேலம் பிசின் தண்ணீரில் கரைவது. ஒரு மழை போதும். முழுக்க நனைந்த பிறகு அந்த முக்காட்டால் உண்மையிலேயே பயனில்லை.

1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடி, 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் மார்ட்டினிக்கில் இந்தியக் கூலிகளை இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி அதே கப்பல் குவாதலூப்புக்கும் வந்தது. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் போனவர்களில் தமிழர் ஏராளம். அவர்கள் கரையில் கால் வைத்தபோது அவர்கள் பக்கத்து நெசவு ஒரு நூற்றாண்டாக அங்கே பெண்கள் தலையில் இருந்தது.

இனி முனைகளுக்கு வருவோம். தலைக்கட்டில் எத்தனை முனை நிமிர்ந்து நிற்கிறது என்பதற்கு அந்தத் தீவுகளில் ஒரு கணக்கு உண்டு. ஒரு முனை என்றால் மனம் காலியாக இருக்கிறது. இரண்டு என்றால் பேச்சு முடிந்திருக்கிறது, கல்யாணம் இன்னும் ஆகவில்லை. மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது. தீவுக்குத் தீவு கணக்கு கொஞ்சம் மாறும். சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே மெருகேறிய பகுதியும் இதில் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் ஆசூரில் ஆண் போட்டுவிட்டான், போலந்தில் மற்றப் பெண்கள் மாட்டினார்கள். இங்கே கண்ணாடி முன் நின்று அவளே கட்டிக்கொள்கிறாள், வேண்டுமென்றால் நாளைக்கு வேறு மாதிரி கட்டுவாள்.

மேலே சொன்ன கட்டில் இதைச் செய்வது கஷ்டமே இல்லை. இரண்டு நுனிகளையும் உள்ளே செருகிவிட்டு உச்சியை மட்டும் முடிச்சின்மேல் திருப்பி நிறுத்தினால் ஒன்று. நுனிகளை நிறுத்தி உச்சியைச் செருகினால் இரண்டு. எல்லாவற்றையும் நிறுத்தினால் மூன்று. நமக்கு மூன்று முடிச்சு, அவர்களுக்கு மூன்று முனை; எண் பொருந்திப் போனது தற்செயல்தான். மடித்த உச்சியில் உண்மையில் இரண்டு மூலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அவற்றையும் விரலால் பிரித்துத் தனித்தனியாக நிறுத்தினால் நான்கு. நான்குக்கும் அர்த்தம் வைத்திருக்கிறார்கள்: கல்யாணம் ஆகிவிட்டது, ஆனாலும் இடம் இருக்கிறது. தாலியில் அப்படி ஒரு நான்காவது முடிச்சை யாரும் போட்டதில்லை.